கொட்டைச் சாய்வெழுத்தும் ஐயக் கோட்பாடும்: ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

எழுத்து எங்கே பிறக்கிறது, நெஞ்சிலா மிடற்றிலா மூக்கிலா, எத்தனை மாத்திரை நிற்கிறது, எதன் பக்கத்தில் வந்தால் எது கெடும், எது திரியும் என்பவை தமிழிலக்கணத்தில் தீர்ந்த வழக்குகள். அதே எழுத்து ஜவுளிக்கடை பேனரில் ஏறியதும் ஏன் உடம்பு பெருத்து வலப்பக்கம் சாய்கிறது என்ற கேள்வியை மட்டும் எந்த உரையாசிரியரும் தொடவில்லை. அவர்கள் காலத்தில் ஆடித் தள்ளுபடி இல்லை என்று சமாதானம் சொல்வாருண்டு. அச்சமாதானம் ஏற்கத்தக்கதே. ஆனால் ஆடித் தள்ளுபடி வந்து இத்தனை காலமாகியும் பல்கலைக்கழகங்கள் வாளாவிருப்பதற்கு என்ன சமாதானம்? ஆய்வேட்டு மொழியில் இதனை ‘ஆய்வு இடைவெளி’ என்பர். இக்கட்டுரை அதில் ஒரு காலையேனும் ஊன்ற முயல்கிறது.

எல்லை

ஆய்வுப்பொருளுக்கு மூன்று இலக்கணங்கள் ஒருங்கே அமைய வேண்டும். ஒன்று தடிப்பு. இரண்டு சாய்வு. மூன்று, கோடு முடியும் இடத்தில் வரும் சிறு முளை. அச்சுத்துறையார் இதைச் செரிஃப் என்பர். இம்மூன்றும் கூடி, எட்ட நின்று படிப்பதற்காகவே பெரிதாக அமைக்கப்பட்ட தலைப்பெழுத்தை இங்கே ‘கொட்டைச் சாய்வெழுத்து’ என்று குறிப்போம். கொட்டை எழுத்து என்ற வழக்கு ஊரில் முன்பே இருப்பதால் புதுக் கலைச்சொல் ஆக்கும் செலவு மிச்சம். முளை இல்லாமல் வெறுங்காலோடு நிற்கும் ஹெல்வெட்டிகா இனத்தார் தேவைப்பட்டால் சாட்சிக் கூண்டுக்கு மட்டும் அழைக்கப்படுவர்.

கருதுகோள்

நிமிர்ந்த எழுத்து உறுதியைச் சொல்கிறது. சாய்ந்த எழுத்து ஐயத்தைச் சொல்கிறது. தடிப்பு, சொல்வது எதுவாயினும் உரக்கச் சொல்கிறது. எனவே கொட்டைச் சாய்வெழுத்தாவது உரத்த குரலில் வெளியிடப்பட்ட ஐயம். இதனை இனி ஐயக் கோட்பாடு என்போம்.

இயல் ஒன்று: சாய்வு ஐயமே என்பது

கோட்பாட்டின் முதற்பாதியை நிறுவ ஆங்கில அச்சு மரபே போதிய சான்று தருகிறது. ஆங்கில நூல்களில் கப்பலின் பெயரைச் சாய்வெழுத்தில் அச்சிடுவர். துறைமுகத்தின் பெயரைச் சாய்ப்பதில்லை. காரணம் வெளிப்படை: துறைமுகம் இருந்த இடத்தில் இருக்கும், கப்பல் திரும்பி வருமா என்பது கடலுக்கே வெளிச்சம். உயிரினங்களின் இலத்தீன் இருசொற்பெயரும் சாய்வில்தான் வரும். தாவரவியலார் ஒரு செடியின் பேரினத்தை எத்தனை முறை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று அறிந்தவருக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. சட்ட நூல்களில் வழக்கின் பெயர் சாய்கிறது, மேல்முறையீடு இருக்கிறதல்லவா. நாடகப் பிரதியில் பாத்திரம் பேசும் வசனம் நிமிர்ந்து நிற்க, ‘கண்ணீரோடு வெளியேறுகிறான்’ போன்ற குறிப்பு மட்டும் சாய்கிறது. நடிகர் அப்படிச் செய்வாரா என்பதை எழுதியவர் நாடகம் நடக்கும் இரவில்தான் அறிவார்.

அகராதி இன்னும் நுட்பமான சான்று. ஆங்கில அகராதிகளில் தலைச்சொல்லைத் தடித்த நிமிர்ந்த எழுத்தில் போடுவார்கள். சொல் ஒன்று இருக்கிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதை அடுத்து அது பெயரா வினையா என்று சொல்லும் குறிப்பு சாய்வெழுத்தில் வருவது பரவலான வழக்கம். இலக்கணிகளுக்குள் என்ன நடந்தது என்பதை இவ்வொரு வரியே சொல்லிவிடுகிறது.

எனினும் தலையாய சான்று நிலப்படத்தில் உள்ளது. மலை, ஊர், மாவட்டம் ஆகியவற்றின் பெயர்களை நிமிர்ந்த எழுத்திலும், ஆறு, ஏரி, கடல் ஆகியவற்றின் பெயர்களைச் சாய்ந்த எழுத்திலும் பொறிப்பது மேலைநாட்டு நிலப்படத்தாரின் நெடுநாளைய மரபு. நீர் ஓடுவதைக் காட்டவே அப்படிச் சாய்க்கிறார்கள் என்று பாடநூல் சொல்லும். ஓடாத ஏரியின் பெயர் ஏன் சாய்கிறது என்று கேட்டால் பாடநூலிடம் பதில் இல்லை. ஐயக் கோட்பாட்டிடம் இருக்கிறது. கோடை காலத்தில் வைகைப் பாலத்தில் நின்று கீழே பார்த்த எவரும் அந்தப் பெயரைச் சாய்த்து எழுதிய நிலப்படத்தாரின் முன்யோசனையை மெச்சாமல் இருக்க முடியாது. (இச்சான்றுகளில் தடிப்பு இல்லையே எனின், ஆம், இல்லை. அது மூன்றாம் இயலில் வருகிறது.)

இயல் இரண்டு: சாய்வின் குலமுறை

சாய்வெழுத்தின் மூதாதை அவசரம். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிளாரன்ஸ் நகரத்து அறிஞர் நிக்கோலோ நிக்கோலி பழைய இலத்தீன் நூல்களைப் படியெடுத்துக்கொண்டே இருந்தவர். நின்று நிதானமாக எழுத நேரமில்லாமல் அவர் கை ஓடிய ஓட்டத்தில் எழுத்துகள் ஒடுங்கின, ஒன்றையொன்று தொட்டன, வலப்பக்கம் சாய்ந்தன. அந்தக் கையெழுத்து மரபு மெல்ல அலுவலகக் கணக்கர்களிடமும் அறிஞர்களிடமும் பரவியது.

அதை ஈயத்தில் ஏற்றியவர் வெனிஸ் நகரத்து அச்சகர் ஆல்டஸ் மனூஷியஸ். அச்சை வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. 1500இல் சியன்னா நகரத்துப் புனித கேத்தரினின் கடிதங்களை ஆல்டஸ் வெளியிட்டபோது, அதிலிருந்த மரச்செதுக்குப் படத்தில் அப்புனிதை ஏந்திய நூலிலும் இதயத்திலுமாக ஒருசில சொற்கள் சாய்வெழுத்தில் இடம்பெற்றன. உலகில் அச்சேறிய முதல் சாய்வெழுத்து ஒரு பிரார்த்தனை. மறு ஆண்டே வெர்ஜிலின் கவிதை முழுவதும் அதில் வந்துவிட்டது, கையடக்கமான எட்டுமடிப்பு நூலாக. கேப்பிடல் எனப்படும் பேரெழுத்துகளை மட்டும் ஆல்டஸ் நிமிர்த்தியே வைத்திருந்தார். வரியின் முதலில் ஒருவர் நேராக நிற்க, பின்னால் வருகிறவர்கள் எல்லாம் சாய்ந்துவரும் இக்காட்சியைச் சமூகவியல் ஆய்வாளர் யாரேனும் தனியே எடுத்துக்கொள்ளட்டும்.

வெனிஸ் அரசு 1502இல் ஆல்டஸுக்கு இவ்வெழுத்தின்மீது தனியுரிமை அளித்தது. வெனிஸில் அளித்த உரிமையை லியோன் நகரத்து அச்சகர்கள் பொருட்படுத்தவில்லை. அவருடைய நூல்களை அதே அளவில், அதே சாய்வில் போலியாக அச்சிட்டு விற்றார்கள். கொதித்துப்போன ஆல்டஸ் 1503இல் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டார்: போலியில் இன்ன நூலில் இன்னின்ன அச்சுப்பிழை, இதைக் கண்டால் வாங்காதீர்கள் என்று. லியோன்காரர்கள் அந்தப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு தங்கள் பதிப்புகளைத் திருத்திக்கொண்டார்கள். மெய்ப்புத் திருத்தும் கூலி மிச்சம். பதிப்புலக வரலாற்றில் இதைவிட உதவிகரமான கண்டன அறிக்கை வந்ததாகத் தெரியவில்லை.

கிரிஃபோவும் ஆல்டஸும் மனத்தாங்கலோடு பிரிந்தார்கள். தனியுரிமை அச்சகருக்குப் போனது, வெட்டியவருக்கு ஒன்றும் இல்லை என்பது மனத்தாங்கலுக்குப் போதுமான காரணமே. கிரிஃபோ பிற்பாடு பொலோனியாவில் தம் மருமகனை இரும்புத் தண்டால் அடித்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். அதன்பின் அவர் பெயர் ஆவணங்களில் இல்லை. உலகின் முதல் சாய்வெழுத்தை வெட்டிய கை இப்படி முடிந்தது என்பதைக் கொண்டு எழுத்தின் குணத்தை முடிவுசெய்யலாகாது. ஆயினும் ஆய்வேட்டில் குறித்துவைப்பது மரபு.

இயல் மூன்று: தடிப்பும் லாட்டரியும்

சாய்வு பிறந்து ஏறத்தாழ 300 ஆண்டுகள் வரை அச்சில் கொழுப்பு ஏறவில்லை. நூல் படிப்பவர் கையில் வைத்துப் படித்தார். கத்தவேண்டிய தேவை எழவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் சுவர்களில் விளம்பரம் ஏறியதும் நிலைமை மாறிற்று. தெருவில் நடப்பவர் நிற்கமாட்டார், சுவர்தான் அவரை நிறுத்த வேண்டும். ஃபேன் தெரு வார்ப்படச் சாலையின் ராபர்ட் தோர்ன் போன்றவர்கள், பார்மா நகரத்துப் போடோனியும் பாரீஸின் தீதோ குடும்பத்தாரும் நூலுக்கென்று வடித்த நளினமான எழுத்துகளை எடுத்து, நெடுங்கோடுகளை மட்டும் பல மடங்கு பெருக்கவிட்டார்கள். கிடைக்கோடுகள் மயிரிழையாகவே தங்கிவிட்டன. இதற்கு ஆங்கிலத்தில் கொழுத்த முகம் என்று பொருள்படும் பெயரையே வைத்தார்கள். இவ்வினத்தில் சாய்வும் வார்க்கப்பட்டது. ஆக நம் ஆய்வுப்பொருள், மூன்று இலக்கணமும் நிரம்பி, லண்டன் சுவரில் பிறந்தது.

இனி வாசகர் கவனிக்க வேண்டியது, அந்தச் சுவரில் எது விளம்பரமானது என்பதை. இவ்வெழுத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் பிரிட்டிஷ் அரசு லாட்டரிச் சீட்டு விற்றவர்கள்.

ஐயக் கோட்பாட்டுக்கு இதற்குமேல் சான்று தேடுவது பேராசை. நாளை குலுக்கல், பரிசு உங்களுக்கே என்ற வாக்கியத்தில் நாளை குலுக்கல் என்பது மட்டுமே உறுதி. மீதியைச் சொல்ல உலகில் ஓர் எழுத்து தேவைப்பட்டது. அது தடித்தும் சாய்ந்தும் வந்துசேர்ந்தது. அங்கே அரசு லாட்டரி 1826இல் நின்றது, எழுத்து நிற்கவில்லை. தமிழ்நாட்டில் லாட்டரி 2003இல் தடைசெய்யப்பட்டது. அதன்பிறகு இங்கும் எழுத்துக்கு வேலை குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. எழுத்து பொருளைவிட நீடிக்கிறது என்பது இதனால் பெறப்படும்.

தோர்ன் 1820இல் இறந்தபின் அவருடைய வார்ப்படச் சாலையை ஏலத்தில் எடுத்தவர் வில்லியம் தோரோகுட். அவருக்கு அச்சுத்தொழில் முன்பின் தெரியாது. ஏலம் எடுக்கக் காசு எங்கிருந்து வந்தது என்பதற்கு, அவருக்கு லாட்டரியில் பரிசு விழுந்தது என்றொரு கதை உண்டு. உண்மையாக இருந்தால், லாட்டரிச் சீட்டை விற்ற எழுத்துகளை லாட்டரிப் பணத்தாலேயே ஒருவர் வாங்கினார் என்றாகிறது. எந்த ஆய்வாளரும் இதை உண்மையென்று நம்பவே விரும்புவார்.

அதே சாலையில் பின்னர் பங்குதாரரான ராபர்ட் பெஸ்லி 1845இல் கிளாரண்டன் என்ற தடித்த எழுத்தை வெளியிட்டார். சுவரைவிட்டு இறங்கி, உரையின் நடுவே ஒரு சொல்லை மட்டும் தூக்கிக்காட்டும் வேலைக்கென்று தடிப்பெழுத்து அமைந்தது இதில்தான். பெஸ்லி எச்சரிக்கையான மனிதர். அழகுவடிவச் சட்டத்தின்கீழ் பதிவு செய்து மூன்றாண்டுக் காப்புரிமை பெற்றார். மூன்றாண்டு முடிந்த கையோடு போட்டியாளர்கள் எல்லோரிடமும் கிளாரண்டன் இருந்தது. ஆல்டஸின் அனுபவத்தை அவர் படித்திருந்தால் மூன்றாண்டே பெரிது என்று மனம் தேறியிருப்பார். எப்படியோ, பிற்காலத்தில் லண்டன் மேயரானார். கிளாரண்டன் நிமிர்ந்த எழுத்து என்பதைக் கோட்பாட்டின் சார்பில் இங்கே குறித்துக்கொள்க.

இயல் நான்கு: கோணம்

ஆய்வு என்றால் அளவை வேண்டும். அதிர்ஷ்டவசமாகக் கணினி எழுத்துருக்களோடு வரும் அளவுக் கோப்புகளில் ஒவ்வோர் எழுத்தும் செங்குத்திலிருந்து எத்தனை பாகை விலகுகிறது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். லேசர் அச்சுப்பொறிகளில் குடியிருந்த பழைய குடும்பங்களை எடுத்துக்கொண்டால், புக்மேனும் பலாட்டினோவும் 10 பாகை சாய்கின்றன. நியூ செஞ்சுரி ஸ்கூல்புக் 16 பாகை. டைம்ஸ் குடும்பத்தில்தான் ஒரு வியப்பு ஒளிந்திருக்கிறது. அதன் சாதாரணச் சாய்வெழுத்து 15.5 பாகை. தடித்த சாய்வெழுத்து 15 பாகைதான்.

அரைப் பாகை எங்கே போயிற்று? ஆய்வாளர் இதைப் பற்றி நெடுநேரம் சிந்தித்தார். உடம்பு கனத்த பெரியவர்கள் பந்தியில் உட்காரும்போது இலைக்கு எவ்வளவு குனிகிறார்கள் என்று பார்த்தால் புரியும். மனம் இருந்தாலும் அரைப் பாகை குறைவாகத்தான் முடியும். இதனை உடற்கன விதி என்று பெயரிட்டு, பிற குடும்பங்களில் சோதித்துப் பார்த்ததில் புக்மேனிலும் பலாட்டினோவிலும் ஸ்கூல்புக்கிலும் தடித்தாலும் மெலிந்தாலும் அதே சாய்வுதான் என்று தெரியவந்தது. ஆகவே உடற்கன விதி ஒரே ஒரு குடும்பத்துக்குப் பொருந்தும். நிறுவப்பட்ட பல விதிகளின் நிலைமை இதைவிட மோசம் என்பதால் கைவிடப்படவில்லை.

தடிப்பையும் அளந்துவிடலாம். எழுத்தின் அளவை 1000 பங்காகப் பிரித்தால், டைம்ஸின் நெடுங்கோடு சாதாரணத்தில் 84 பங்கு, தடித்ததில் 139, சாய்ந்ததில் 76, தடித்துச் சாய்ந்ததில் 121. நிமிர்ந்த தடியர் சாய்ந்ததும் 18 பங்கு இளைக்கிறார். சாய்ந்த எழுத்து ஒடுங்கியது; அதே பருமனை அதில் திணித்தால் உட்புழைகள் அடைத்து மசிக்குழம்பாகிவிடும் என்பது வடிவமைப்பாளர் சொல்லும் காரணம். ஐயப்படுபவர் கொஞ்சம் இளைக்கத்தான் செய்வார் என்பது கோட்பாட்டின் காரணம். இரண்டையும் ஏற்கலாம்.

ஹெல்வெட்டிகா இனத்தார் தடித்தாலும் மெலிந்தாலும் 12 பாகைதான். அவர்கள் அசல் சாய்வெழுத்தும் அல்லர். அசல் சாய்வில் எழுத்து தன் உருவத்தையே மாற்றிக்கொள்ளும்: இரண்டு மாடியாக இருந்த ‘ஏ’ ஒரு மாடிக்கு இறங்கும், ‘எஃப்’ வரிக்குக் கீழே வால் விடும், முளைகள் கையெழுத்தின் இழுப்பாக மாறும். ஹெல்வெட்டிகாவில் நிமிர்ந்திருந்தவரையே தோளைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். இவ்வேறுபாட்டை வாசகர் மனத்தில் இருத்துக. ஆறாம் இயலில் தமிழுக்கு நேர்ந்தது இதுவே.

இயல் ஐந்து: சிகாகோ

ஓஸ்வால்ட் கூப்பர் 1922இல் சிகாகோவின் பார்ன்ஹார்ட் சகோதரர்கள் & ஸ்பிண்ட்லர் வார்ப்படச் சாலைக்காக வரைந்த கூப்பர் பிளாக், முளைகள் எல்லாம் உருகி உருண்டு, ஒரு கூர்மை கூட இல்லாத எழுத்து. தொலைநோக்குள்ள அச்சகத்தாருக்கும் கிட்டப்பார்வை உள்ள அவர்தம் வாடிக்கையாளருக்கும் ஏற்றது என்று கூப்பரே அதைப் பற்றிச் சொன்னதாக அச்சுலகில் வழங்குகிறது. சில ஆண்டுகளில் அதன் சாய்வும் வந்தது. பழைய அச்சகர்கள் முகம் சுளித்தார்கள், விளம்பரக்காரர்கள் வாங்கிக் குவித்தார்கள். 1966இல் பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ இசைத்தட்டு அட்டையில், ஆடுகளுக்குத் தீனி கொடுக்கும் இளைஞர்களின் தலைக்குமேல் நிமிர்ந்த கூப்பர் பிளாக் உட்கார்ந்திருக்கிறது. ஆடுகள் தின்றன என்பதில் ஐயமில்லை, எனவே நிமிர்ந்தது.

கொட்டைச் சாய்வெழுத்தின் பொற்காலம் 1970கள். 1975இல் எட் பெங்கியாட் புக்மேன் என்ற பழைய எழுத்தை ஐ.டி.சி. என்ற எழுத்துரு நிறுவனத்துக்காகப் புதுப்பித்தபோது அதற்கு ஏராளமான சுருள்வால்களைச் சேர்த்தார். பேரெழுத்தின் முன்னங்கால் சுருண்டு பக்கத்துக்காரர் வீட்டுக்குள் போகும். கடைசி எழுத்தின் வால் வரியின் அடியில் ஓடி முதல் எழுத்தை எட்டிப்பார்க்கும். ஐயக் கோட்பாட்டின்படி சுருள்வாலானது சொல்லவந்ததை முடிக்க மனமில்லாத நிலை. பேச்சிலும் இவ்வகையினர் உண்டு. வாசற்படியில் நின்றுகொண்டு, செருப்பைப் போட்டபிறகு, முக்கியமான செய்தியைத் தொடங்குபவர்கள்.

1986இல் ஆப்பிள் நிறுவனத்தின் லேசர்ரைட்டர் பிளஸ் அச்சுப்பொறியில் நிரந்தரமாகக் குடியேற்றப்பட்ட எழுத்துகளுள் புக்மேனின் தடித்த சாய்வும் ஒன்று. சுருள்வால்களுக்கு அதில் இடமில்லை. ஆனால் அதுவரை தேர்ந்த அச்சகர்களின் கையில் இருந்த ஒரு பொருள், விசைப்பலகை வைத்திருக்கும் எவர் கைக்கும் அன்றோடு வந்துசேர்ந்தது. பின்விளைவுகளை உலகம் அறியும்.

இயல் ஆறு: தமிழ்

தமிழ் எழுத்து இங்கே முதலில் அச்சேறியது 1578இல், கொல்லத்தில், ‘தம்பிரான் வணக்கம்’ நூலில். நிமிர்ந்தே ஏறியது; பிறகும் நிமிர்ந்தே இருந்தது. தமிழுக்குச் சாய்வு ஏன் தேவைப்படவில்லை என்பதற்கு இலக்கணத்தில் விடை இருக்கிறது. ஆங்கிலத்தார் ஈயத்தை உருக்கிச் சாதித்ததை நம்மவர் ஓரெழுத்தில் முடித்துவிட்டார்கள். அழுத்தம் வேண்டுமா, தேற்றேகாரம்: ‘அவனே திருடினான்’. ஐயம் வேண்டுமா, ஓகாரம்: ‘அவனோ, இவனோ’. தடிப்புக்கு ஏ, சாய்வுக்கு ஓ. மசிச் செலவு கிடையாது.

உரக்கச் சொல்லப்பட்ட ஐயத்துக்குத் தமிழ் மரபு கண்ட வழியோ இன்னும் வியப்பானது. சினிமா போஸ்டரின் குறுக்கே ஒட்டுவார்களே, ‘இன்றே இப்படம் கடைசி’ என்ற துண்டுச்சீட்டு. அதில் எழுத்து நிமிர்ந்து, தடித்து, தேற்றேகாரத்தோடு நிற்கும். காகிதத்தைத்தான் சாய்த்து ஒட்டுவார்கள். எழுத்தைச் சாய்க்காமல் செய்தியைச் சாய்க்கும் இவ்வுத்தி வேறெந்த நாட்டு அச்சுக்கலை நூலிலும் ஆய்வாளர் கண்ணில் படவில்லை. மறுநாளும் அதே கொட்டகையில் அதே படம் ஓடியதை வைத்துப் பார்த்தால் சாய்வு எத்துணைப் பொருத்தம் என்பது விளங்கும்.

கணினி வந்தது. ‘ஐ’ என்ற பொத்தான் வந்தது. விண்டோஸோடு வந்த லதா எழுத்துருவுக்குச் சாதாரணமும் தடிப்பும் உண்டு. சாய்வுக்கென்று தனியே வரைந்த வடிவம் இல்லை. பொத்தானை அழுத்தினால் கணினி தன் பொறுப்பில் எழுத்தின் தலையைப் பிடித்து வலப்பக்கம் தள்ளுகிறது. உருவம் மாறுவதில்லை, இழுப்பு மாறுவதில்லை. ஒற்றைக்கொம்பு முன்னால் போய் மெய்யை முட்டுகிறது. துணைக்கால் எதிலும் ஒட்டாமல் தனியே சாய்ந்துநிற்கிறது. இரண்டு சுழி ‘ன’வும் மூன்று சுழி ‘ண’வும் ஒரே குவியலாகத் தோன்றுவதால் எழுத்துப்பிழைகள் மறைகின்றன என்பது ஒன்றே நன்மை.

களஆய்வுக்காகப் பெயர் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்ட ஒரு டி.டி.பி. கடையில் ஆய்வாளர் பெஞ்சில் அமர்ந்திருந்தார். கல்யாணப் பத்திரிகை ஒன்று திரையில் இருந்தது. மணமக்கள் பெயர் ஆங்கிலத்தில், கொட்டைச் சாய்வெழுத்தில்.

“அண்ணே, மாப்பிள்ளை பேரை இன்னும் கொஞ்சம் சாய்ச்சு விடுங்க.”

“சாஞ்சுதான தம்பி இருக்கு.”

“பொண்ணு பேரு அளவுக்குச் சாயலையே.”

“ரெண்டும் ஒரே ஃபான்ட்டுதாம்ப்பா. பொண்ணு பேருல நெட்டையா நாலு எழுத்து இருக்கு, சாய்வு தெரியுது. மாப்பிள்ளை பேரு பூரா உருண்டை. உருண்டையச் சாய்ச்சா என்ன தெரியும்?”

“அதெல்லாம் மாப்பிள்ளை வீட்டுல ஒத்துக்க மாட்டாங்கண்ணே. எங்க மாமா ஸ்கேல் வெச்சுப் பாப்பாரு.”

கடைக்காரர் பெருமூச்சு விட்டு, கோரல் டிராவில் மாப்பிள்ளையை மட்டும் தனியே பிடித்து இன்னும் சில பாகை தள்ளினார். சாய்வைக் காட்டுபவை நெடுங்கோடுகளே, வட்டங்கள் அல்ல என்ற உண்மையை இத்தனை சுருக்கமாக எந்த வடிவமைப்பு நூலும் சொல்லியதாகத் தெரியவில்லை. மணமக்கள் பெயரை ஐயத்தின் எழுத்தில் அச்சிடுவது கோட்பாட்டை மெய்ப்பிக்கிறதா என்ற வினா இயல்பாகவே எழும். ஆய்வாளர் மணமானவராதலின் கருத்துக் கூறும் தகுதியற்றவர்.

மறுப்பும் விடையும்

சாய்வு ஐயத்தைக் காட்டவில்லை, வேகத்தையே காட்டுகிறது என்பாரும் உளர். கூரியர் வண்டிகளையும் பந்தய பைக்குகளின் பெட்ரோல் டாங்கியையும் அவர்கள் சான்று காட்டுவர். உண்மையிலேயே விரைந்து போகவேண்டிய வண்டியைப் பார்ப்போம். ஆம்புலன்ஸின் நெற்றியில் அதன் பெயரை, முன்னே போகிறவர் கண்ணாடியில் படிக்கவேண்டும் என்பதற்காக, இடவலம் திருப்பிக்கூட எழுதுகிறார்கள், பெரும்பாலும் சாய்ப்பதில்லை. அது போய்ச்சேரும் என்று எல்லோரும் நம்ப வேண்டியிருக்கிறது. ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயர் நிமிர்ந்து நிற்கிறது, ரயில் தாமதமானாலும் ஊர் அங்கேயே இருக்கும். மின்கம்பத்து மண்டையோட்டின் கீழ் ‘அபாயம்’ என்பது நிமிர்ந்தே இருக்கிறது. அதைத் தொட்டால் என்ன ஆகும் என்பதில் மின்வாரியத்துக்கு ஐயமே இல்லை. ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ என்று கடையில் எழுதுகிறவர் முதல் இரண்டு சொல்லை நிமிர்த்தியும் அடுத்த இரண்டைச் சாய்த்தும் எழுதினால் அறத்துக்கும் அச்சுக்கலைக்கும் ஒருங்கே தொண்டாற்றியவராவார்.

மேலாய்வுக்குரிய களங்கள்

இடப்பக்கம் சாயும் எழுத்து தனி ஆய்வை வேண்டிநிற்கிறது. 19ஆம் நூற்றாண்டு விளம்பர அச்சுகளில் அது உண்டு. பின்னால் சாய்ந்து நிற்பதால் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளும் வகை என்று முதல்நோக்கில் தோன்றுகிறது. தேர்தல் அறிக்கைகளின் அட்டைகளைக் கட்சிவாரியாகப் பாகைமானியால் அளப்பது மற்றொரு களம், நிதிநல்கை கிடைக்காது. ஆட்டோக்களின் முதுகில் எழுதியிருப்பதை அளக்கும் பணியை இக்கட்டுரையாளரே தொடங்கினார். வண்டி மேட்டில் ஏறி நிற்கும்போது எழுத்து கூடுதலாகச் சாய்கிறது, பள்ளத்தில் இறங்கினால் நிமிர்ந்துவிடுகிறது, பக்கத்தில் நின்று அளந்தால் ஓட்டுநர் எங்கே போகணும் என்று கேட்கிறார். சமதளத்தில் நிறுத்திவைக்க ஒப்புக்கொண்ட ஒருவர் காத்திருப்புக் கட்டணம் கேட்டார். அதை எந்தச் செலவுத் தலைப்பின்கீழ் காட்டுவது என்று விளக்கம் கோரி நெறியாளருக்குக் கடிதம் அனுப்பப்பட்டிருக்கிறது.